எம்எஸ் முற்றும்போது பில் கட்டுவது யார்? மருந்துச் சீட்டில் வராத செலவுகளின் கணக்கு

"அந்த நோய்க்கு எவ்வளவு செலவாச்சு?" என்று யாராவது கேட்டால், நம்மில் பலரும் ஆஸ்பத்திரி பில்லைத்தான் எடுத்துக் காட்டுவோம். ஸ்கேன் இவ்வளவு, ரூம் வாடகை இவ்வளவு, மருந்து இவ்வளவு. டிஸ்சார்ஜ் ஆனதும் கணக்கு முடிந்துவிடும்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்எஸ், விஷயத்தில் இந்தக் கணக்கு எடுபடாது. இருபதுகளிலோ முப்பதுகளிலோ ஆரம்பித்து ஆயுள் முழுக்கக் கூடவே வரும் நோய் இது. முதல் சில வருடங்களில் மருந்துதான் பெரிய செலவு. உடல்நிலை மோசமாக ஆக, வேறு செலவுகள் முன்னால் வந்து நிற்கும். நின்றுபோன சம்பளம், வீட்டில் ஒருவர் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொள்வது, பஸ்ஸுக்குப் பதில் தினமும் ஆட்டோ என்று பட்டியல் நீளும். இவை எதற்கும் ரசீது கிடையாது.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. காப்பீடு, இட ஒதுக்கீடு, வரிச் சலுகை என நம் நாட்டில் இருக்கும் உதவிகளில் பல, உடல் மோசமான பிறகுதான் கைகொடுக்கின்றன. மோசமாகாமல் தடுக்க வேண்டிய காலத்தில் பெரும்பாலும் சொந்தக் காசுதான். எப்படி என்று பார்ப்போம்.

முதலில், எம்எஸ் என்றால் என்ன?

மின்சார வயரின் மேல் பிளாஸ்டிக் உறை இருக்கும் இல்லையா? அதுபோல நம் நரம்பிழைகளின் மேலும் மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. மூளையில் இருந்து கிளம்பும் தகவல் வேகமாகவும் சிதறாமலும் போய்ச் சேர அந்த உறை வேண்டும்.

கிருமிகளைத் தாக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம், எம்எஸ்ஸில் ஆள் மாறி இந்த மயலினைத் தாக்குகிறது. மூளை, தண்டுவடம், கண் நரம்பு ஆகியவற்றில் ஆங்காங்கே உறை உரிந்து தழும்பு விழுகிறது. எந்த இடத்தில் தழும்பு விழுகிறதோ அதைப் பொறுத்து அறிகுறி மாறும். ஒருவருக்கு ஒரு கண் மங்கும். இன்னொருவருக்குக் கால் மரத்துப்போகும். மற்றொருவருக்குத் தலைசுற்றல், நடையில் தள்ளாட்டம், சிறுநீரை அடக்க முடியாமை.

சுமார் 85 சதவீதம் பேருக்கு இது 'வந்து போகும்' வகையாகத் தொடங்குகிறது. திடீரென ஒரு தாக்குதல் வரும், சில வாரங்களில் முழுசாகவோ பாதியாகவோ சரியாகும், மாதங்களோ வருடங்களோ கழித்து மறுபடி வரும். காலப்போக்கில் இவர்களில் ஒரு பகுதியினருக்குத் தாக்குதல்கள் குறைந்து, உடல் மெதுவாகத் தேய்ந்துகொண்டே போகும் கட்டம் வருகிறது. 10 முதல் 15 சதவீதம் பேருக்கு ஆரம்பத்தில் இருந்தே அந்தத் தேய்வுதான்.

ஏன் வருகிறது என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. மரபணு, வைட்டமின் டி குறைவு, புகைபிடித்தல் ஆகியவற்றுக்குப் பங்கு உண்டு. எப்ஸ்டீன்-பார் என்ற சாதாரண வைரஸுக்கும் எம்எஸ்ஸுக்கும் உள்ள தொடர்பை, 2022-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த அமெரிக்க ராணுவத்தினர் பற்றிய ஆய்வு வலுவாகக் காட்டியது. தொற்றுநோய் அல்ல, ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவாது.

யாருக்கு வருகிறது? அந்த வயது ஏன் முக்கியம்?

உலக அளவில் சுமார் 29 லட்சம் பேர் எம்எஸ்ஸுடன் வாழ்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். நோய் கண்டுபிடிக்கப்படும் சராசரி வயது 32. ஐரோப்பா, வட அமெரிக்காவுடன் ஒப்பிட்டால் இந்தியாவில் விகிதம் குறைவு. மங்களூருவில் நடந்த ஓர் ஆய்வு, ஒரு லட்சம் பேருக்கு 8 பேர் அளவில் இருக்கலாம் என்று கணக்கிட்டது. விகிதம் சிறிது என்றாலும் நம் மக்கள்தொகையில் அது சிறிய எண்ணிக்கை இல்லை.

32 வயது என்றால் என்ன வயது என்று யோசித்துப் பாருங்கள். டீம் லீட் ஆகியிருப்பீர்கள். வீட்டுக் கடன் வாங்கியிருப்பீர்கள், அல்லது வாங்க சிபில் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கல்யாணம் ஆகியிருக்கும், அல்லது வீட்டில் ஜாதகம் சுற்றிக்கொண்டிருக்கும். அப்பா ரிட்டயர் ஆகி, குடும்பம் உங்கள் சம்பளத்தை நம்பத் தொடங்கியிருக்கும். மாரடைப்பும் பக்கவாதமும் பெரும்பாலும் சம்பாதித்து முடிக்கும் வயதில் வருகின்றன. எம்எஸ் சம்பாதிக்க ஆரம்பிக்கும் வயதில் வருகிறது. பொருளாதாரக் கணக்கில் இந்த ஒரு வித்தியாசம் மொத்தத்தையும் மாற்றிவிடுகிறது.

'மோசமாகிறது' என்பதை எப்படி அளக்கிறார்கள்?

இடிஎஸ்எஸ் என்றொரு அளவுகோல் இருக்கிறது. அமெரிக்க நரம்பியல் நிபுணர் ஜான் கர்ட்ஸ்கி உருவாக்கியது. இப்போது புழக்கத்தில் உள்ள வடிவம் 1983-ல் வந்தது. பூஜ்ஜியத்தில் இருந்து 10 வரை, அரை அரைப் புள்ளியாக ஏறும்.

- 0: பரிசோதனையில் எந்தக் குறையும் இல்லை.
- 4: குறைபாடு தெரிகிறது. ஆனால் யார் துணையும் ஓய்வும் இல்லாமல் சுமார் 500 மீட்டர் நடக்க முடியும்.
- 6: சுமார் 100 மீட்டர் நடக்கவே ஒரு கைத்தடி வேண்டும்.
- 7: பெரும்பாலும் வீல்சேர்தான்.
- 10: எம்எஸ்ஸால் மரணம்.

இந்த அளவுகோலில் ஒரு குறை உண்டு. மேல் பாதி முழுக்க நடையை வைத்தே அளக்கிறது. அசதி, மறதி, கவனக்குறைவு ஆகியவை சரியாகப் பதிவாவதில்லை. நாள் முழுக்க லேப்டாப் முன் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு 500 மீட்டர் நடையைவிட, மீட்டிங்கில் பேசியது மறந்துபோவதுதான் பெரிய பிரச்சினை. அளவுகோலில் 'லேசான பாதிப்பு' என்று இருக்கும் ஒருவர் ஆபீஸில் திணறுவதற்குக் காரணம் இதுதான்.

சரி, செலவு எப்படி ஏறுகிறது?

இதற்குத் தெளிவான படம் தந்தது, 2017-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வு. 16 நாடுகள், 16,808 நோயாளிகள். மருந்து, ஆஸ்பத்திரி, வேலை இழப்பு, குடும்பத்தினரின் பராமரிப்பு எல்லாவற்றையும் சேர்த்து ஒருவருக்கு வருடத்துக்கு ஆகும் சராசரி செலவைக் கணக்கிட்டார்கள்.

- லேசான பாதிப்பு (0 முதல் 3 வரை): 22,800 யூரோ
- நடுத்தர பாதிப்பு (4 முதல் 6.5 வரை): 37,100 யூரோ
- கடுமையான பாதிப்பு (7 முதல் 9 வரை): 57,500 யூரோ

மருந்துகளின் விலை அங்கே வேறு, சம்பளம் வேறு. அதனால் இந்தத் தொகைகளை அப்படியே ரூபாயாக மாற்றிப் பார்ப்பதில் அர்த்தமில்லை. பார்க்க வேண்டியது ஏறும் விதத்தை. லேசான நிலையில் செலவின் பெரும்பகுதி மருந்து. கடுமையான நிலைக்குப் போகும்போது மருந்தின் பங்கு சுருங்கி, இழந்த சம்பளமும் பராமரிப்பும் பெரிதாகின்றன. அதாவது, மருந்துக் கம்பெனிக்குப் போகும் பணத்தைவிட, குடும்பம் சத்தமில்லாமல் இழக்கும் பணம் அதிகமாகிறது.

அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. நோய் முற்ற முற்ற, வேலையில் இருப்பவர்களின் விகிதம் 82 சதவீதத்தில் இருந்து 8 சதவீதமாகச் சரிகிறது. இது நல்ல அரசு மருத்துவம், சமூகப் பாதுகாப்பு எல்லாம் இருக்கும் நாடுகளின் நிலை.

அமெரிக்காவின் கணக்கும் இருக்கிறது. 2019-ல் எம்எஸ்ஸின் மொத்தப் பொருளாதாரச் சுமை 8,540 கோடி டாலர். அதில் 2,210 கோடி டாலர் மருத்துவத்துக்கு வெளியே, அதாவது வேலை இழப்பு, பராமரிப்பு போன்றவற்றில் போனது.

இந்தியாவில் மருந்துச் செலவு எவ்வளவு கடினம்?

எம்எஸ்ஸை முழுசாகக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. ஆனால் நோயின் வேகத்தைக் குறைக்கும் மருந்துகள் உண்டு. 1993-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இன்டர்ஃபெரான் ஊசியில் தொடங்கி, 2010-ல் முதல் மாத்திரை வந்தது. 2017-ல், ஆரம்பம் முதலே தேயும் வகைக்கான முதல் மருந்து வந்தது.

இந்த இடத்தில் இந்தியாவுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. டைமெத்தில் ஃபியூமரேட், டெரிஃப்ளூனமைட் போன்ற மாத்திரைகளை இந்திய நிறுவனங்களே ஜெனரிக்காகத் தயாரிக்கின்றன. மேலை நாட்டு விலையுடன் ஒப்பிட்டால் இவை மிகக் குறைவு. ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்து ரத்தப் புற்றுநோய்க்காகவும் முடக்குவாதத்துக்காகவும் அனுமதி பெற்றது. எம்எஸ்ஸுக்கும் நரம்பியல் மருத்துவர்கள் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். அதன் இந்திய வடிவம் 2007-லேயே சந்தைக்கு வந்துவிட்டது. 2023-ல் உலக சுகாதார நிறுவனம் தனது அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் எம்எஸ்ஸுக்கு முதன்முறையாக மூன்று மருந்துகளைச் சேர்த்தபோது, அதில் ரிட்டுக்ஸிமாபும் ஒன்று. மற்ற இரண்டும் கிளாட்ரிபின், கிளாடிராமர்.

ஆனால் விலை குறைவு என்பதும் கட்டுப்படியாகும் என்பதும் ஒன்றல்ல. மாத்திரை மாதாமாதம் வேண்டும். தாக்குதல் வந்தால் மூன்று முதல் ஐந்து நாள் ஸ்டீராய்டு டிரிப்ஸ். அவ்வப்போது எம்ஆர்ஐ. ரத்தப் பரிசோதனைகள். கூடவே பிசியோதெரபி. இதில் பெரும்பகுதி ஆஸ்பத்திரியில் படுக்காமலேயே நடக்கிறது. படுத்தால் மட்டும் பணம் தரும் பாலிசி வைத்திருப்பவர்கள், இதை எல்லாம் கையில் இருந்துதான் கொடுக்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போமா?

இது கணக்குக்காக நாமே வைத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு. 30 வயதில் எம்எஸ் கண்டுபிடிக்கப்பட்ட ஒருவர் மாதம் 60,000 ரூபாய் சம்பாதிக்கிறார். மருந்து, பரிசோதனை எல்லாம் சேர்ந்து மாதம் 10,000 ரூபாய். 42 வயதில் வேலையை விட வேண்டி வருகிறது. 58 வரை வேலை பார்த்திருக்கலாம்.

- 12 வருட மருத்துவச் செலவு: 14 லட்சத்து 40 ஆயிரம்
- இழந்த 16 வருடச் சம்பளம் (ஒரு இன்க்ரிமென்ட்கூட இல்லாமல்): 1 கோடியே 15 லட்சத்து 20 ஆயிரம்
- மாதம் 18,000 ரூபாய்க்கு வீட்டில் உதவியாளர் வைத்தால், 10 வருடத்துக்கு: 21 லட்சத்து 60 ஆயிரம்

பிஎஃப் பங்களிப்பு, கிராஜுவிட்டி, ஆபீஸ் இன்சூரன்ஸ் எதையும் இதில் சேர்க்கவில்லை. 'மருந்து விலை அதிகம்' என்று நாம் பேசிக்கொண்டிருக்கும்போது, அதைப்போல எட்டு மடங்கு பணம் வேறொரு வழியில் போகிறது.

உதவியாளருக்குப் பதில் அம்மாவோ மனைவியோ கணவரோ பார்த்துக்கொண்டால் 21 லட்சம் மிச்சம்தானே என்று தோன்றலாம். அப்படிப் பார்த்துக்கொள்பவர் தன் வேலையை விட்டாலோ, பிரமோஷனை வேண்டாம் என்றாலோ, இரண்டாவது சம்பளமும் போகிறது. யாரும் அதை நோயின் செலவாக எழுதி வைப்பதில்லை.

வீட்டுக்குள்ளே வளரும் செலவு

எம்எஸ் உள்ளவர்களில் பலருக்கு வெப்பம் ஒத்துக்கொள்ளாது. உடல் சூடு கொஞ்சம் ஏறினாலே உரிந்த நரம்புகளில் தகவல் ஓட்டம் தடைபட்டு, பழைய அறிகுறிகள் தற்காலிகமாகத் திரும்பும். கண் மங்கும், கால் துவளும். இதை 1890-லேயே கவனித்து எழுதிய ஜெர்மன் மருத்துவரின் பெயரால் உட்தோஃப் விளைவு என்கிறார்கள். குளிர்ந்த பிறகு சரியாகிவிடும்.

இதைச் சென்னை, வேலூர், திருச்சியின் மே மாதத்தோடு சேர்த்துப் பாருங்கள். ஏசி இவர்களுக்குச் சொகுசுப் பொருள் கிடையாது, கிட்டத்தட்ட மருந்து. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில் அதைச் சொல்லும். கூட்டமான பஸ்ஸிலோ மின்சார ரயிலிலோ வேர்த்து நின்று போக முடியாது, அதனால் ஆட்டோ அல்லது கேப். லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடி வீட்டை விட்டு, வாடகை கூடுதலானாலும் தரைத்தளத்துக்கு மாற வேண்டும். இந்தியன் டாய்லெட்டை மாற்ற வேண்டும். கைப்பிடி பொருத்த வேண்டும். வீல்சேர் வந்தால் வாசற்படிக்குச் சரிவுப் பாதை. வாடகை வீடு என்றால் இதற்கெல்லாம் ஹவுஸ் ஓனர் சம்மதிக்கவும் வேண்டும்.

பணத்தில் எழுத முடியாத விலை

மேலே சொன்ன ஐரோப்பிய ஆய்வில் 95 சதவீதம் பேர் அசதி இருப்பதாகச் சொன்னார்கள். 71 சதவீதம் பேருக்கு நினைவு, கவனம் சார்ந்த சிரமம். இங்கே அசதி என்பது தூக்கம் சரியில்லாததால் வரும் சோர்வு இல்லை. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும், குளித்து முடிப்பதற்குள் அன்றைய தெம்பு தீர்ந்துவிடும் அளவு அசதி.

வெளியே பார்ப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. "நேத்து நல்லாத்தானே இருந்தே?", "எனக்கும்தான் டயர்டா இருக்கு", "கொஞ்சம் மனசு வெச்சா முடியும்". இந்த மூன்று வாக்கியங்களையும் கேட்காத எம்எஸ் நோயாளி அபூர்வம். நோயைச் சுமப்பதோடு, நோய் இருப்பதை நிரூபிக்கும் வேலையும் அவர்கள் தலையில் விழுகிறது. மனச்சோர்வு இவர்களிடம் பொதுவானவர்களைவிட அதிகம். அதில் ஒரு பகுதி நோயே மூளையில் செய்யும் வேலை, ஒரு பகுதி சுற்றியிருப்பவர்கள் செய்வது.

பெண்களுக்குச் சுமை இன்னும் கூடுகிறது. கல்யாணத்துக்கு முன் சொல்வதா வேண்டாமா என்பதில் தொடங்கி, குழந்தை பெறலாமா என்பது வரை கேள்விகள். பெறலாம் என்பதே மருத்துவத்தின் பதில். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாக்குதல்கள் குறைகின்றன, பிரசவத்துக்குப் பிந்தைய மூன்று மாதங்களில் கூடுகின்றன. சில மாத்திரைகளை முன்கூட்டியே நிறுத்த வேண்டும் என்பதால், கர்ப்பம் மருத்துவருடன் பேசித் திட்டமிட வேண்டிய ஒன்று. நோய் நேரடியாகப் பிள்ளைக்குப் போவதில்லை. ஆபத்து பொதுவானவர்களைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆனால் இந்த விளக்கம் மாமியார் வீடு வரை போய்ச் சேர்வதில்லை. 'நரம்பு வியாதி' என்ற இரண்டு சொற்கள் மட்டும் போய்ச் சேர்கின்றன.

ஒரு வாழ்க்கை எவ்வளவு சீக்கிரம் திசைமாறும் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம், பிரிட்டிஷ் செல்லோ இசைக் கலைஞர் ஜாக்குலின் டு ப்ரே. விரல்களில் உணர்வு குறைந்து 1973-ல் மேடையை விட்டு விலகினார். அதே வருடம் எம்எஸ் என்று தெரிந்தது. அப்போது அவருக்கு 28 வயது. 1987-ல், 42 வயதில் இறந்தார். நோயின் வேகத்தைக் குறைக்கும் மருந்து ஒன்றுகூட அவர் காலத்தில் இல்லை. இன்று இருக்கிறது. அதனால்தான் அது யாருக்கு, எப்போது கிடைக்கிறது என்பது இவ்வளவு முக்கியம்.

உதவி எப்போது வருகிறது?

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

*கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசி:* ஐஆர்டிஏஐ வரையறுத்துள்ள தீவிர நோய்களில் எம்எஸ்ஸும் ஒன்று. ஆனால் அதன் முழுப் பெயர் 'தொடரும் அறிகுறிகளுடன் கூடிய எம்எஸ்'. எம்ஆர்ஐ மூலம் நோய் உறுதியாக வேண்டும். கூடவே, கை கால் இயக்கத்திலோ உணர்விலோ குறைபாடு குறைந்தது 6 மாதம் விடாமல் இருக்க வேண்டும். ஆறே வாரத்தில் கண் பார்வை திரும்பியவர் இந்த நிபந்தனைக்குள் வரமாட்டார். மருந்து வேலை செய்தால் பணம் வராது, வேலை செய்யாவிட்டால்தான் வரும் என்பதுபோல ஆகிவிடுகிறது.

*சாதாரண ஹெல்த் இன்சூரன்ஸ்:* நோய் தெரிந்த பிறகு எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம். 2024-ல்தான் இது 48-ல் இருந்து குறைக்கப்பட்டது. ஊசியாகச் செலுத்தப்படும் மோனோகுளோனல் ஆன்டிபாடி சிகிச்சையை நவீன சிகிச்சைகளின் பட்டியலில் ஐஆர்டிஏஐ சேர்த்துள்ளது. ரிட்டுக்ஸிமாப் அந்த வகைதான். ஆனால் நிறுவனங்கள் இதற்குத் தனி வரம்பு வைக்கலாம் என்பதால், பாலிசியின் சின்ன எழுத்துகளைப் படித்தாக வேண்டும்.

*மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016:* பழைய சட்டத்தில் எம்எஸ்ஸுக்கு இடமில்லை. 2016 சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டபோது, நாள்பட்ட நரம்பியல் பாதிப்பு என்ற தலைப்பின் கீழ் எம்எஸ்ஸும் பார்க்கின்சனும் சேர்ந்தன. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் பல சலுகைகளுக்கு 40 சதவீதக் குறைபாடு சான்றளிக்கப்பட வேண்டும். வந்து வந்து போகும் நோயில், சான்றிதழ் வாங்கப் போகும் நாளில் உடம்பு எப்படி இருக்கிறது என்பதும் கணக்கில் வந்துவிடுகிறது.

*அரசு வேலை இட ஒதுக்கீடு:* அதே சட்டத்தின் 34-வது பிரிவு 4 சதவீத ஒதுக்கீடு தருகிறது. பார்வை, செவி, கை கால் இயக்கம், ஆட்டிசம், மனநோய் என்று அந்தப் பிரிவில் வகைகள் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டுள்ளன. நாள்பட்ட நரம்பியல் பாதிப்பு அங்கே பெயராக இல்லை. 21 வகையில் இடம் உண்டு, ஒதுக்கீட்டு வரிசையில் நேரடி இடம் இல்லை. எம்எஸ்ஸால் கால் செயலிழந்து இயக்கக் குறைபாடு என்றோ, பார்வை போய்ப் பார்வைக் குறைபாடு என்றோ சான்று பெற்றால்தான் வழி திறக்கும்.

*வருமான வரி:* 1961 சட்டத்தின் 80யூ பிரிவில், பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு 40 சதவீதத்துக்கு மேல் என்றால் 75,000 ரூபாயும், 80 சதவீதத்துக்கு மேல் என்றால் 1.25 லட்சமும் கழிவு உண்டு. மருத்துவச் செலவுக்கான 80டிடிபி பிரிவின் நரம்பு நோய்ப் பட்டியலில் பார்க்கின்சன் இருக்கிறது, எம்எஸ் பெயரில்லை.

*தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை:* பார்க்கின்சன், தண்டுவட பாதிப்பு ஆகியவற்றுடன் எம்எஸ்ஸுக்கும் மாதம் 2,000 ரூபாய் தரும் திட்டம் இருக்கிறது. அரசு விண்ணப்பங்களில் 'தண்டுவட மரப்பு நோய்' என்ற பெயரில் தேடுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். தொகை சிறியது. ஆனாலும் எம்எஸ்ஸைப் பெயர் சொல்லி அங்கீகரிக்கும் திட்டம் என்பதால் விட்டுவிட வேண்டாம்.

வேலையைக் காப்பாற்றச் சட்டம் உதவுமா?

நீங்கள் அரசு ஊழியரா, தனியார் ஊழியரா என்பதைப் பொறுத்தது.

அரசு ஊழியர் என்றால், சட்டத்தின் 20-வது பிரிவு வலுவான கவசம். பணிக்காலத்தில் குறைபாடு ஏற்பட்ட ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும். அதுவும் இல்லையென்றால், பொருத்தமான பணி கிடைக்கும் வரையோ ஓய்வுபெறும் வரையோ கூடுதல் பணியிடம் உருவாக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

தனியார் நிறுவனங்களுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்ற கடமை அவர்களுக்கும் உண்டு. 20 அல்லது அதற்கு மேல் ஊழியர்கள் இருந்தால், அதில் என்னென்ன வசதி தரப்படும் என்பதையும் சொல்ல வேண்டும். உங்கள் கம்பெனி வெப்சைட்டில் அது இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.

உச்ச நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது. 2021 பிப்ரவரியில் வந்த விகாஷ் குமார் எதிர் யுபிஎஸ்சி வழக்கு. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நரம்புப் பாதிப்பு உள்ள தேர்வர் அவர். சான்றளிக்கப்பட்ட குறைபாடு 40 சதவீதத்தைத் தொடவில்லை என்பதால், அவருக்குப் பதிலாக எழுத ஆள் அனுமதிக்கப்படவில்லை. நியாயமான வசதி செய்து தருவதற்கு 40 சதவீதத்தை நிபந்தனையாக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. தேர்வு பற்றிய வழக்குதான். ஆனால் 'சதவீதம் குறைவு, அதனால் ஒன்றும் தர முடியாது' என்ற வாதத்துக்கு எதிராக அது நிற்கிறது.

எம்எஸ் உள்ள ஊழியருக்கு வேண்டிய வசதிகளில் பல, செலவே இல்லாதவை. வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்து வேலை, மதியம் அரை மணி நேர ஓய்வு, கழிப்பறைக்குப் பக்கத்தில் இருக்கை, பீக் ஹவருக்கு முன்னால் வந்து முன்னால் கிளம்ப அனுமதி. அனுபவமுள்ள ஊழியரைப் பத்து வருடம் கூடுதலாக வைத்துக்கொள்ள இது மலிவான வழி.

சீக்கிரம் செலவழித்தால் என்ன மாறும்?

2020-ல் 'லான்செட் நியூராலஜி' இதழில் வந்த ஓர் ஆய்வு, வீரியமான மருந்தை நோய் தொடங்கி 2 வருடத்துக்குள் ஆரம்பித்தவர்களையும், 4 முதல் 6 வருடம் கழித்து ஆரம்பித்தவர்களையும் ஒப்பிட்டது. பத்தாவது வருடத்தில், முதல் குழுவின் சராசரி இடிஎஸ்எஸ் 2.3. இரண்டாவது குழுவினருக்கு 3.5.

ஒரு புள்ளிதானே என்று நினைக்க வேண்டாம். 3.5-க்கு அடுத்த படி 4. நடக்கும் தூரம் குறைய ஆரம்பிக்கும் இடம் அது. ஐரோப்பியக் கணக்கில் வருடச் செலவு 22,800-ல் இருந்து 37,100-க்குத் தாவுகிற இடமும் அதுதான். 2.3-ல் இருப்பவர் ஆபீஸ் போய்க்கொண்டிருப்பார், வரி கட்டிக்கொண்டிருப்பார்.

அப்படியானால் பணம் எங்கே போட வேண்டும் என்பது தெளிவு. கண்டுபிடித்த முதல் சில வருடங்களில், குறைபாடு வெளியே தெரியாத நிலையில், மருந்துக்கும் பரிசோதனைக்கும். ஆனால் நம் அமைப்பு 6 மாதம் தொடரும் பாதிப்பையும் 40 சதவீதச் சான்றிதழையும் ஆஸ்பத்திரிப் படுக்கையையும் கேட்கிறது. தீப்பிடித்த பிறகு தண்ணீர் லாரி அனுப்பும் ஏற்பாடு இது. புகை வரும்போதே ஒரு பக்கெட் தண்ணீர் கொடுப்பது மலிவு என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த பக்கெட்டுக்குப் பட்ஜெட் இல்லை.

உங்களுக்கோ தெரிந்தவருக்கோ எம்எஸ் இருந்தால்…

- ஒரு கண்ணில் திடீர் மங்கல், வாரக்கணக்கில் தொடரும் மரத்துப்போதல், காரணமில்லாத தள்ளாட்டம் இருந்தால், 'தானாகச் சரியாகிவிட்டதே' என்று விடாமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். சரியானாலும் பாருங்கள்.
- நன்றாக இருக்கிறோம் என்று மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். நன்றாக இருக்கக் காரணமே அந்த மருந்தாக இருக்கலாம். விலை கட்டுப்படியாகவில்லை என்றால் அதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஜெனரிக் மாற்று இருக்கலாம்.
- யுடிஐடி அட்டைக்கு விண்ணப்பியுங்கள். 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் வெள்ளை நிற அட்டை உண்டு. 40 முதல் 80 வரை மஞ்சள், அதற்கு மேல் நீலம். பிறகு பாதிப்பு கூடினால், பழைய ஆவணங்கள் உதவும்.
- வேலையை விடும் முன், ஆபீஸ் குரூப் இன்சூரன்ஸை அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசியாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள். ராஜினாமா கொடுத்து மாதங்கள் கழித்துக் கேட்டால் பிரயோஜனமில்லை.
- ஒவ்வொரு தாக்குதலின் தேதி, அறிகுறி, எத்தனை நாள் நீடித்தது, என்ன சிகிச்சை என்பதை போனில் குறித்து வையுங்கள். கிளெய்முக்கும் சான்றிதழுக்கும் அதுவே அடிப்படை.
- புகைபிடிப்பதை நிறுத்துங்கள். நோயின் வேகத்தை அது கூட்டுகிறது. உடற்பயிற்சியைக் காலையில், வெயிலுக்கு முன் வைத்துக்கொள்ளுங்கள்.
- 'ஒரே ஊசியில் எம்எஸ் குணம்' என்று யூடியூபில் வரும் விளம்பரங்களை நம்பிச் சேமிப்பைக் கரைக்காதீர்கள்.
- தனியாகச் சமாளிக்க வேண்டாம். 1985-ல் தொடங்கப்பட்ட மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவுக்குச் சென்னையிலும் கிளை உண்டு.

நோயாளி இல்லாத மற்றவர்கள்?

டீமில் ஒருவர் அடிக்கடி லீவ் போடுகிறார், மீட்டிங்கில் தடுமாறுகிறார், படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இறங்குகிறார் என்றால், சோம்பேறி என்று முடிவுகட்டும் முன் "ஏதாவது மாத்திக் கொடுத்தா உங்களுக்கு ஈஸியா இருக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். என்ன நோய் என்று கேட்க வேண்டியதில்லை, அதைச் சொல்வதும் சொல்லாததும் அவர் உரிமை.

மே 30 உலக எம்எஸ் தினம். வருடா வருடம் அன்று ஆரஞ்சு நிறத்தில் போஸ்ட் போடுவோம். அதைவிட, உங்கள் எச்ஆரிடம் சம வாய்ப்புக் கொள்கை எங்கே என்று ஒரு மெயில் அனுப்பினால், யாரோ ஒருவரின் வேலை இன்னும் சில வருடம் நிலைக்கலாம். மேலே போட்ட கணக்கின்படி, அந்த ஒவ்வொரு வருடத்துக்கும் மதிப்பு 7 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்.